பாட்டெழுதியவருக்கும் ஒரு கட்டம் உண்டு

கார் ஸ்டீரியோவின் சின்னத் திரையில் ஓடும் எழுத்துகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். படத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் இணையதளத்தின் முகவரி ஓடும். பாடியவர் பெயர் வர வேண்டிய இடத்திலும் அதே முகவரி. பாட்டின் தலைப்போடு ‘320 கேபிபிஎஸ்’ என்ற வால் ஒட்டியிருக்கும். இசையமைத்தவர் பெயர் வந்தால் அதிர்ஷ்டம். எழுதியவர் பெயர் அநேகமாக வரவே வராது. கண்ணதாசன் எழுதிய பாட்டில் கண்ணதாசன் இல்லை. அதைத் திருடி ஏற்றியவனின் விலாசம் இருக்கிறது.

எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. திருத்துவதற்கான கருவி இருபது ஆண்டுகளுக்கு மேலாக இலவசமாகவே கிடைக்கிறது, நாம்தான் தொடவில்லை என்பது அதைவிட வருத்தம். அதனால்தான் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவன் நான். அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வலங்கைமானிலிருந்தும் திருவிடைமருதூரிலிருந்தும் ஆட்கள் ஒரு தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு எட்டுப் பாட்டு, தொண்ணூறு என்றால் பன்னிரண்டு வரை போகும். எல்பி ரெக்கார்டிலிருந்து பதிந்து தருவோம். பதிவதைவிட எனக்குப் பிடித்த வேலை அட்டை எழுதுவதுதான். படமும் பாடியவரும் முன்பக்கம். கவிஞரும் இசையும் மறுபக்கம். ‘அண்ணே, இது வாலியா கண்ணதாசனா?’ என்று டீக்கடையில் கட்டிய பந்தயத்தைத் தீர்க்கக் கடைக்கு வருபவர்கள் உண்டு. அவர்கள் அட்டையை நம்பினார்கள். அதனால் தெரியாத பெயரை அனுமானத்தில் எழுதுவதில்லை என்பது கடையின் சட்டம். முதலில் ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்ப்போம். அதில் இல்லையென்றால் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். அதுவும் இல்லையென்றால் இலங்கை வானொலி அறிவிப்பைக் கேட்டுக் குறித்துவைத்த நோட்டு.

கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் எம்பி3 வந்தது, அட்டை எழுதும் இடம் மட்டும் போய்விட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். போகவில்லை. எம்பி3 ஃபைலுக்குள் ஒலியோடு விவரங்களுக்கென்றே ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது. அதைத்தான் டேக் என்கிறோம். ஸ்டீரியோவும் போனும் காட்டுவது அதில் எழுதியிருப்பதைத்தான். அங்கே யார் எழுதினாலும் அது நிற்கும். நாம் எழுதவில்லை, திருட்டுத்தளக்காரன் எழுதிவிட்டான்.

இந்த டேக்கின் வரலாறு சின்னதுதான், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. 1996-ல் எரிக் கெம்ப் என்பவர் ஐடி3 என்ற முறையைக் கொண்டுவந்தார். ஃபைலின் கடைசியில் 128 பைட் இடம். தலைப்புக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு ஓர் எண். அவ்வளவுதான். இசையமைப்பாளருக்கு இடமில்லை, கவிஞருக்கு இடமில்லை. மேற்கத்திய பாப் பாட்டை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. அங்கே பாடுகிறவரின் பெயரே பாட்டின் முகம். இசை வகைப் பட்டியலில் 80 வகைகள் இருந்தன. போல்கா உண்டு, கர்நாடக இசை கிடையாது. மெல்லிசை மன்னர்களான எம்.எஸ். விஸ்வநாதன், டி.கே. ராமமூர்த்தி இருவரின் பெயரையும் ஆங்கில எழுத்தில், நடுவே ஒரு இடைவெளிகூட விடாமல், ஒரே ஒரு இணைப்புக் கோடு போட்டு இனிஷியலோடு எழுதினால் 31 எழுத்து வரும். ராமமூர்த்தியின் கடைசி எழுத்து வெட்டுப்பட்டுப் போகும்.

1998-ல் இரண்டாம் வடிவம் வந்தது. அதில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கம்போசர் என்று ஒரு கட்டம், லிரிசிஸ்ட் என்று இன்னொரு கட்டம், ஆல்பத்தின் படம், பாட்டின் முழு வரிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கினார்கள். யூனிகோடும் வந்ததால் தமிழிலேயே எழுதலாம். ஆக, பாட்டெழுதியவருக்கான கட்டம் இத்தனை ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கிறது. பெரும்பாலான தமிழ்ப் பாட்டு ஃபைல்களில் அது காலி.

‘ஆயிரக்கணக்கான பாட்டு இருக்கிறது, ஒவ்வொன்றாக யார் எழுதுவது?’ என்பார்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் டெம்ப்ளேட் உதவுகிறது.

நான் பயன்படுத்துவது எம்பி3டேக் என்ற மென்பொருள். ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ளோரியன் ஹைடன்ரைக் உருவாக்கியது, விண்டோஸில் இலவசம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கிட்3, ஈஸிடேக், பட்டில்டேக் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. ஒரு ஃபைலின் பெயர் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

மீரா - 1945 - காற்றினிலே வரும் கீதம் - எம்.எஸ். சுப்புலட்சுமி

இதற்கு நாம் கொடுக்க வேண்டிய டெம்ப்ளேட்:

%ஆல்பம்% - %இயர்% - %டைட்டில்% - %ஆர்ட்டிஸ்ட்%

கம்ப்யூட்டரில் இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். படிப்பதற்காக இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். இரண்டு சதவீதக் குறிக்கு நடுவே இருப்பது கட்டத்தின் பெயர். முதல் கோடு வரைக்கும் உள்ளதை ஆல்பம் கட்டத்தில் போடு, அடுத்த கோடு வரைக்கும் உள்ளதை ஆண்டில் போடு என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டோம். ஒரு ஃபோல்டரில் ஐந்நூறு ஃபைல் இருந்து, ஐந்நூறும் இதே வரிசையில் பெயர் வைக்கப்பட்டிருந்தால், ஒரே சொடுக்கில் ஐந்நூறுக்கும் டேக் எழுதப்பட்டுவிடும். திருப்பியும் செய்யலாம்: டேக்கில் இருப்பதை எடுத்து ஃபைல் பெயரை அமைக்கலாம். நடுவில் இணையதள முகவரி நுழைந்திருந்தால் அந்த இடத்தில் %டம்மி% என்று போட வேண்டும். ‘இதைப் படித்துத் தூக்கி எறி’ என்று அதற்குப் பொருள். எனக்கு மிகப் பிடித்த கட்டளை அதுதான்.

டெம்ப்ளேட்டுக்கு அறிவு கிடையாது, ஒழுங்கு மட்டும்தான் தெரியும். இரு பக்கமும் இடைவெளி விட்ட கோடுதான் எல்லை என்று நாம் சொல்லியிருக்கும்போது, ஃபைல் பெயரில் ‘விஸ்வநாதன் - ராமமூர்த்தி’ என்று யாராவது இடைவெளி விட்டு எழுதியிருந்தால், ராமமூர்த்தி அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுவார். அதனால் முன்னோட்டத்தைப் பார்க்காமல் ‘ஓகே’ அமுக்கக் கூடாது. பத்து ஃபைலில் போட்டுப் பார்த்த பிறகே முழு ஃபோல்டரில் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு டிஸ்கில் நகல் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்கிறவருக்குப் பயம் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டேக்கில் எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நாமே ஒரு சட்டம் வைத்துக்கொள்ள வேண்டும். என் சட்டம் இது: ஆல்பம் என்றால் படத்தின் பெயர், அடைப்புக்குறியில் ஆண்டு. ஆர்ட்டிஸ்ட் என்றால் பாடியவர்கள். கம்போசர் என்றால் இசையமைத்தவர். லிரிசிஸ்ட் என்றால் கவிஞர். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்று இன்னொரு கட்டம் உண்டு, அதிலும் இசையமைத்தவர் பெயரையே எழுதுவேன்.

ஆல்பத்தோடு ஆண்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ‘விக்ரம்’ என்று ஒரு பெயர் சொன்னால் போதும். 1986-ல் இளையராஜா இசையில் ஒரு விக்ரம், 2022-ல் அனிருத் இசையில் ஒரு விக்ரம். ஆண்டு இல்லாவிட்டால் போன் இரண்டையும் ஒரே படமாக்கிவிட வாய்ப்புண்டு. ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965-லும் உண்டு, 2010-லும் உண்டு. ‘பில்லா’ 1980, ‘பில்லா’ 2007. தமிழ் சினிமா பழைய பெயரைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்வதால் ஆண்டு நமக்கு அத்தியாவசியம். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டம் இதற்கு நேர் எதிரான தொல்லையைத் தீர்க்கிறது. நம் படத்தில் ஆறு பாட்டுக்கு ஆறு விதமான பாடகர் கூட்டணி இருக்கும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பல பிளேயர்கள் ஒரே படத்தை ஆறு ஆல்பமாக உடைத்துக் காட்டும். இசையமைத்தவர் பெயரை அங்கே எழுதினால் படம் ஒன்றுசேர்ந்துவிடும்.

மொத்தமாக நிரப்புவது சில படங்களுக்குச் சுலபம். ‘கர்ணன்’ ஃபோல்டரைத் திறந்து எல்லாப் பாட்டையும் தேர்வுசெய்து லிரிசிஸ்ட் கட்டத்தில் கண்ணதாசன் என்று ஒரே முறை எழுதலாம். ‘அன்னக்கிளி’க்குப் பஞ்சு அருணாசலம். ‘ரோஜா’வுக்கு வைரமுத்து. எல்லாப் பாட்டும் ஒருவரே எழுதியவை.

ஆனால் ‘மீரா’வுக்கு அப்படிச் செய்தால் அநியாயம் நடக்கும். அந்தப் படத்துக்குப் பாபநாசம் சிவனும் எழுதினார், எழுத்தாளர் கல்கியும் எழுதினார். நான் மேலே உதாரணம் காட்டிய பாட்டு கல்கியுடையது, இசை எஸ்.வி. வெங்கட்ராமன். எம்.எஸ். அம்மாவின் குரலில் அந்தப் பாட்டை உருகிக் கேட்கும் எத்தனை பேருக்கு அது ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கை எழுதியது என்று தெரியும்? ஃபோல்டர் முழுவதற்கும் சிவன் பெயரைப் போட்டால் கல்கி அழிந்தார். ‘எங்க வீட்டுப் பிள்ளை’க்கு வாலி என்று மொத்தமாகப் போட்டால் ஆலங்குடி சோமு அழிந்தார். ‘நாடோடி மன்ன’னில் பட்டுக்கோட்டையார், சுரதா, முத்துக்கூத்தன் எனப் பலர் இருக்கிறார்கள். அங்கே பாட்டுப் பாட்டாகத்தான் போக வேண்டும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதில், 1959-ல் இறந்துபோனவர். அவர் எழுதிய பாட்டில் அவர் பெயர் இல்லாமல் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இசையமைப்பாளர் விஷயத்தில் அதிகம் பாதிக்கப்பட்டவர் டி.கே. ராமமூர்த்தி. ‘பாசமலர்’, ‘பாவ மன்னிப்பு’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’, ‘கர்ணன்’ எல்லாம் இருவர் சேர்ந்து செய்தவை. மெல்லிசை மன்னர்கள் என்று பன்மையில் பட்டம் கொடுத்ததே அதனால்தான். ஆனால் ஃபைலைத் திறந்தால் எம்.எஸ்.வி. மட்டும் இருப்பார். திருச்சிக்காரரான அந்த வயலின் கலைஞர் 2013-ல் மறைந்தார். டேக்கில் அதற்கு வெகு முன்பே மறைந்துவிட்டார். எம்.எஸ்.வி.யை நான் தெய்வமாக நினைப்பவன். அவருக்குப் பெருமை சேர்க்க இன்னொருவர் பெயரை எடுக்க வேண்டிய தேவை அவருக்கே இல்லை.

இதை மென்பொருளில் திருத்துவது எப்படி என்று சொல்கிறேன். வடிகட்டி என்று ஓர் இடம் இருக்கிறது. கம்போசர் கட்டத்தில் விஸ்வநாதன் என்று இருந்து, ஆண்டு 1965-க்குக் கீழே உள்ள பாட்டுகளை மட்டும் காட்டு என்று அதில் எழுதலாம். வருகிற பட்டியலை ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிட்டு, எல்லாவற்றிலும் இருவர் பெயரையும் எழுதலாம். 1965-ஐ மட்டும் தனியாக, கையால்தான் பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ இருவருடையது. அதே ஆண்டில் வந்த ‘கலங்கரை விளக்கம்’ எம்.எஸ்.வி. தனியாகச் செய்தது. பிரிந்தது அந்த ஆண்டுதான். முப்பது ஆண்டு கழித்து 1995-ல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு மறுபடி சேர்ந்தார்கள், அதையும் நினைவில் வைக்க வேண்டும். இதெல்லாம் எந்த டெம்ப்ளேட்டுக்கும் தெரியாது, ரசிகனுக்குத்தான் தெரியும்.

பெயரை எழுதும் விதம் இன்னொரு தலைவலி. எஸ்.பி.பி.யின் பெயர் எத்தனை விதமாக எழுதப்படுகிறது என்று எண்ணத் தொடங்கினால் முடியாது. இனிஷியலுக்குப் பிறகு புள்ளி வைத்தால் ஓர் ஆள், வைக்காவிட்டால் வேறு ஆள் என்று போன் எடுத்துக்கொள்ளும். ‘மாற்று’ என்ற செயலில் ஒரு முறை எல்லா வடிவங்களையும் கொடுத்து வைத்துக்கொண்டால், புதிய ஃபோல்டர் வரும்போதெல்லாம் அதையே ஓட்டிவிடலாம். ஆனால் சொல்லின் ஒரு பகுதியைக் கொடுத்து மாற்றச் சொல்லக் கூடாது. ‘ராஜா’ என்று இருப்பதையெல்லாம் ‘இளையராஜா’ ஆக்கு என்று சொன்னால் ஏ.எம். ராஜாவும் இளையராஜா ஆகிவிடுவார். முழுக் கட்டமும் பொருந்தினால் மட்டும் மாற்று என்று நிபந்தனை போட வேண்டும்.

தமிழில் எழுதினால் இந்தக் குழப்பம் வராது என்று எண்ணுபவர்களுக்கு டி.எம். சௌந்தரராஜன் பெயரைக் காட்டுவேன். ‘சௌ’ என்பது ஒரே உயிர்மெய். சிலர் ஒற்றைக் கொம்பு போட்ட ‘செ’யும், பக்கத்தில் ‘ள’வும் தட்டி ‘செள’ என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. ‘சவுந்தரராஜன்’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாக்கினால்தான் அவர் பாட்டெல்லாம் ஒரே இடத்தில் சேரும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் எழுதிய பழைய டேக்குகளும் உண்டு. அவை இன்று வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன. அவற்றை அழித்துவிட்டுப் புதிதாகத்தான் எழுத வேண்டும். சில பழைய கார் ஸ்டீரியோக்கள் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டும். அதற்காக ஃபைல் பெயரை ஆங்கில எழுத்திலும் டேக்கைத் தமிழிலும் வைத்துக்கொள்கிறேன்.

கச்சேரி ரசிகர்களிடம் ஒரு வார்த்தை. கர்நாடக இசைக்காரர்கள் ஃபைல் பெயர் வைப்பதில் சினிமா ரசிகர்களைவிட ஒழுங்கானவர்கள். வரிசை எண், கீர்த்தனை, ராகம் என்று கோடு போட்டுப் பிரித்தே வைக்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. டெம்ப்ளேட்டுக்கு அதைவிட வசதி வேறில்லை. ராகம் என்று நாமே ஒரு கட்டத்தை உண்டாக்கி அதில் இறக்கலாம். எம்பி3 அதற்கு இடம் தருகிறது, ஃப்ளாக் என்ற ஒலி வடிவம் தாராளமாகவே தருகிறது. பிறகு ‘ஹம்ஸத்வனி’ என்று தேடினால் ‘வாதாபி கணபதிம்’ யார் யார் பாடியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கம்போசர் கட்டத்தில் அங்கே முத்துசுவாமி தீட்சிதர் இருக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை மட்டும். அவர்கள் ஆங்கில எழுத்தில் எழுதும்போது நெடிலையும் ணகர ளகரத்தையும் காட்ட நடுவிலேயே பெரிய எழுத்துப் போடுவார்கள். அழகுக்காக ‘எல்லாச் சொல்லும் முதலெழுத்து மட்டும் பெரிதாக’ என்ற செயலை ஓட்டினால் அந்த நுணுக்கம் அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும். முதலில் தமிழுக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். வயலின், மிருதங்கம் வாசித்தவர்கள் பெயரையும் குறிப்புக் கட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்களை விட்டுவிட்டு எழுதிய கச்சேரி விவரம் அரைகுறை விவரம்தான்.

சரியான பெயருக்கு எங்கே போவது? இணையத்தில் ஒருவர் எழுதிய தப்பை இன்னொருவர் நகலெடுப்பது வாடிக்கை. சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டவுடன் வருகிற பாட்டுப் பெயர்களும் பெரும்பாலும் சிடியில் இருப்பவை அல்ல. எங்கோ ஒருவர் தட்டச்சு செய்து தரவுத்தளத்தில் ஏற்றியவை. அவர் கவனமானவராக இருந்தால் நம் அதிர்ஷ்டம். நான் இன்றும் நம்புவது படத்தின் டைட்டில் கார்டு, ரெக்கார்டு உறை, பாட்டுப் புத்தகம் இந்த மூன்றைத்தான். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எந்த ஆண்டு எந்தப் படம் என்பதற்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்துவிட்டுப் போனது பெரும் துணை. பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒரு பாட்டுக்கு ஒரு வரி என்று நோட்பேடில் எழுதிக்கொண்டால், அந்த டெக்ஸ்ட் ஃபைலை அப்படியே டேக்கில் இறக்கும் வசதியும் எம்பி3டேக்கில் இருக்கிறது. ஃபைல்களின் வரிசையும் வரிகளின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் யார் ஃபைல் வைத்திருக்கிறார்கள், எல்லோரும் செயலியில்தானே கேட்கிறார்கள் என்று என் பேரன்களே கேட்கிறார்கள். செயலியில் நாம் பார்ப்பதும் டேக்தான். நம் கைக்கு எட்டாத டேக், கம்பெனி அனுப்பிய டேக். அதில் 1961 படத்தின் பாட்டுக்கு, டிஜிட்டலில் ஏற்றிய ஆண்டே படத்தின் ஆண்டாக நிற்பதைப் பார்க்கிறேன். பாடியவர் பெயர் பெரிதாக இருக்கிறது. கவிஞர் பெயரைத் தேடி இரண்டு மூன்று இடங்களில் தட்ட வேண்டியிருக்கிறது, தட்டினாலும் சில நேரம் அங்கே அவர் இல்லை. இது ரசிகன் செய்த கோளாறு என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தப் பாட்டின் ஒப்பந்தத்தையே பீரோவில் வைத்திருப்பவர்கள் அவர்கள்.

இது உணர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பை விற்றுவிட்ட பிறகும் அது தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. 2012 திருத்தத்தின்படி, படத்துக்காக எழுதிய பாட்டிலிருந்தும் இசையிலிருந்தும் வரும் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு. அதை அவர்களிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. பெயரே இல்லாத பாட்டின் ராயல்டி யார் வீட்டுக் கதவைத் தட்டும்? கவிஞரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டிய பணம் ஒரு காலிக் கட்டத்தால் நின்றுபோகக் கூடாது.

நம் தேசிய விருதுகளைப் பாருங்கள். பாடலாசிரியருக்கு என்று விருது ஏற்படுத்தியபோது, 1968-ஆம் ஆண்டுக்கான அந்த முதல் விருதை ‘குழந்தைக்காக’ படத்துக்குப் பெற்றவர் கண்ணதாசன். வைரமுத்து அதை ஏழு முறை வாங்கினார். நா. முத்துக்குமார் ‘தங்க மீன்க’ளுக்கும் ‘சைவ’த்துக்கும் அடுத்தடுத்து வாங்கினார். இத்தனை பெருமை பேசும் சமூகம், அந்தப் பாட்டுகளின் ஃபைலைத் திறந்தால் அவர்கள் பெயரைக் காணாமல் இருக்கலாமா?

அதனால் இசைக் கம்பெனிகளிடம் என் கோரிக்கை இதுதான். உங்கள் வசம் உள்ள ஒவ்வொரு தமிழ்ப் பாட்டுக்கும் படம், படம் வந்த ஆண்டு, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லோரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அந்தப் பட்டியலை யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஒரு பழைய ரெக்கார்டு உறையில் அச்சிட்ட அளவு விவரம் போதும். மென்பொருள் செய்கிறவர்களும் ஒன்று செய்யலாம். எம்பி3டேக்கைத் திறந்தவுடன் இடப்பக்கம் கம்போசர் கட்டம் தெரிகிறது. லிரிசிஸ்ட் கட்டத்தை அமைப்புகளில் போய் நாமேதான் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதையும் முன்னால் வைக்க வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து எடுத்த பாட்டோ, அப்பாவின் பென் டிரைவில் இருக்கும் பாட்டோ, இந்த வாரம் ஒரே ஒரு ஃபோல்டரைத் திறங்கள். முதலில் முகவரிகளை அழியுங்கள். பிறகு எழுதியவர் பெயரை அவருடைய கட்டத்தில் எழுதுங்கள். வீட்டில் பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றிய கோயில் கச்சேரியோ திருவிழா நாகஸ்வரமோ இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். சினிமாப் பாட்டின் விவரத்தை எங்காவது தேடிப் பிடித்துவிடலாம். அந்தக் கேசட்டில் தவில் வாசித்தது யார் என்பது அன்று பந்தலில் உட்கார்ந்து கேட்டவருக்கு மட்டுமே தெரியும். அப்படி ஒரு பெரியவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டி, அவர் சொல்லும் பெயர்களை இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.